ஐலாவுக்காகக் கட்டிய மேடுகள்

1

நேற்று மத்தியானம் ஐலாவைப் பார்த்தேன். டிவியில்.

வெள்ளிக்கிழமை. ஜெபல் அலி பக்கம் இருக்கும் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டமே இருக்காது. கொஞ்சப் பேர் கோயிலுக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் கராமா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். ரூமில் நானும், டியூட்டி முடிந்து மேல்கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பரமக்குடி முனியாண்டி அண்ணனும் மட்டும்தான். நான் கோயிலுக்குப் போகவில்லை. அம்மா போனில் கேட்டால் போனேன் என்பேன், அது வேறு.

ரிமோட்டைத் தட்டிக்கொண்டே போனேன். அரபி நாடகம், இந்திச் செய்தி, சமையல், சமையல், அப்புறம் வெள்ளை. திரை முழுக்க வெள்ளை. வெள்ளையைப் பார்த்தால் என் விரல் தானாக நின்றுவிடும், பிழைப்பே அதுதானே. ஏதோ ஒரு ஐரோப்பிய விளையாட்டுச் சேனல். செங்குத்தான பனிச்சரிவு, அதில் அம்மை போட்டது மாதிரி வரிசை வரிசையாக மேடுகள். உச்சியில் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட ஒரு பெண். முகம் தெரியவில்லை. கையிலிருந்த குச்சியால் முன்னால் இருந்த பனியை இரண்டு தடவை தட்டினாள்.

பெயர் திரையில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

முன்பு என்னோடு வேலை பார்த்த செல்வம் அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். அவர் இப்போது குவைத்தில், மங்காஃபில் இருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. டியூட்டியாக இருக்கும். எனக்கு இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. துபாயில் நான் பனி தயாரிக்கிறேன்.

ஒரு பெரிய மாலுக்குள் பனிச்சரிவு ஒன்று கட்டியிருக்கிறார்கள். வெளியே வெயில் நாற்பத்தைந்தைத் தொடும்போது உள்ளே மைனஸில் இருக்கும். கூரையில் பனி தூவும் பீரங்கிகள், சுவருக்குப் பின்னால் வரிசையாகக் குளிரூட்டும் சில்லர்கள். இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் அது திறந்தபோது ஆள் எடுத்தார்கள். சென்னையில் இன்டர்வியூ. தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் நான் அப்போது சூப்பர்வைசர். டிப்ளமோ, அமோனியா பிளாண்ட், மீன்பெட்டிக்கு ஐஸ் உடைப்பது எல்லாம் சொன்னேன். "ஐஸ் அனுபவம்" என்று எழுதி டிக் போட்டுக்கொண்டார் அந்த மனிதர். சூரை மீனுக்கும் சுற்றுலாப் பயணிக்கும் ஒரே அனுபவம் போதும் போலிருக்கிறது.

முதல் முறை உள்ளே போனபோது குழந்தை மாதிரி ஓடினேன். ஒரு வாரம் எல்லாருக்கும் போட்டோ அனுப்பினேன். அப்புறம் தெரிந்துகொண்ட விதி என்னவென்றால், பனியைச் செய்கிற நாங்கள் அதில் சறுக்கக் கூடாது. ஸ்டாஃப் நாட் அலவ்ட். நடக்கலாம், வாரலாம், கொட்டலாம். வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. குளிர்கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு வேர்வையோடு பஸ்ஸுக்கு நிற்பவனைப் பார்த்து மற்ற கம்பெனி ஆட்கள் சிரிப்பார்கள். அம்மாவுக்கு இன்றைக்கும் குழப்பம்தான். துபாயில் எனக்கு ஏன் எப்போதும் ஜலதோஷம் என்று ஆள் வரும்போதெல்லாம் தைலம் கொடுத்துவிடுகிறாள்.

அல் ஐனில் என் அக்கா நர்ஸ். அவள் மகள் ஜெசி, ஐந்து வயது. மழையைப் பார்ப்பதற்கு முன்பே பனியைப் பார்த்த பிள்ளை. போன லீவில் ஊருக்குப் போனபோது தூத்துக்குடியில் நல்ல மழை. வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மாமா, யுவர் ஸ்நோ இஸ் கிளீனர்" என்றாள். நான் தமிழில் ஏதோ பதில் சொன்னேன். அவள் அக்காவைப் பார்த்தாள், அக்கா அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள். என் அக்கா மகளிடம் நான் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது.

3

ஐலா பின்லாந்துக்காரி. சரிவு திறந்த மறு வருஷம் சறுக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சராக வந்தாள். ஷேக் வீட்டுப் பிள்ளைகள், பிரிட்டிஷ் குடும்பங்கள், பம்பாய்ப் பணக்காரர்கள் எல்லாருக்கும் "முழங்காலை மடக்கு, முழங்காலை மடக்கு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். இவள் தன் நாட்டுச் சாம்பியன் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பனி எப்படி விழுந்தால் சறுக்குவதற்கு நல்லது என்று நான் பாட்டுக்குக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எனக்கு எதைப் பார்த்தாலும் கேட்டாக வேண்டும். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் சுமார்தான், அதனால் நன்றாகப் பேச முடிந்தது.

அவளுடைய ஆட்டத்துக்கு மோகுல் என்று பெயர். நாம் டிவியில் பார்க்கிற சறுக்கு மாதிரி வழுவழுவென்று இறங்குவது இல்லை. சரிவு முழுக்க இடுப்பளவு மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டையும் முழங்கால்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். கால்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி ஏறி இறங்க, இடுப்புக்கு மேலே உடம்பு அசையவே கூடாது. நடுவில் இரண்டு இடத்தில் தாவி அந்தரத்தில் வித்தை காட்ட வேண்டும். நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பது முழங்காலை. அவர்களுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று கால்சட்டையில் முழங்கால் இருக்கும் இடத்தில் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஐலாவுடையது மஞ்சள்.

"எங்கள் ஊரில் மலையே கிடையாது. சின்னக் குன்றுதான்" என்றாள். "வேகம் கிடைக்காது. அதனால் மண்வெட்டியால் மேடு கட்டி விளையாடினோம். விளையாட்டு அப்படியே வேலையாகிவிட்டது."

பதினாறு வயதில் நாட்டு அணி. இருபதில் சாம்பியன். அப்புறம் உலகக் கோப்பைச் சுற்றுக்காகக் குளிர்காலம் முழுக்கப் பஸ், ஹோட்டல், பஸ். அவள் ஓரளவு மேலே வந்த நேரத்தில் விதியை மாற்றிவிட்டார்கள். அதுவரை தலைகீழாகக் குட்டிக்கரணம் போடக் கூடாது, இனிமேல் போடலாம். சின்னப் பெண்கள் எல்லாம் உடனே கற்றுக்கொண்டார்கள். இவள் இருபத்தாறு வயதில், கோடையில், சறுக்குப் பலகையோடு குளத்தில் குதித்துக் குதித்துப் பழகினாள். பனியில் போட்ட மூன்றாவது குட்டிக்கரணத்தில் இடது முழங்கால் நார் அறுந்தது. ஆபரேஷன் முடிந்து திரும்பியபோது அவள் இடத்தில் வேறு பெண் இருந்தாள்.

இதையெல்லாம் கேன்டீனில் தயிர்ச்சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்பது போலச் சொன்னாள். அந்தத் தொனி எனக்குத் தெரியும். எங்கள் கேம்ப்பில் எல்லாரும் வீட்டைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள்.

4

முழங்கால் மெதுவாகச் சரியாகிக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் கெஞ்சி, செங்குத்தான பகுதியின் இடது ஓரத்தில் ஒரு பட்டையை மட்டும் வாங்கினாள். கயிறு கட்டி மறைத்துக்கொள்ள வேண்டும், பத்து மணிக்குக் கூட்டம் வருவதற்குள் பழகி முடித்துவிட வேண்டும், சறுக்க வருபவர்கள் யாராவது அதில் விழுந்தால் அவள் பொறுப்பு. நான் ஆரஞ்சுக் கயிறு கட்டினேன். காலையில் என் டியூட்டி தொடங்குவதற்கு முன்னால் போய் மேடு கட்ட உதவினேன். அவள் அதில் இறங்க இறங்க மேடுகள் தானாக உருவம் எடுத்துக் கெட்டியாகின. இரண்டு மாதத்தில் அந்தப் பட்டை அசல் பந்தயச் சரிவாகிவிட்டது.

அப்போதுதான் அவளுடைய பழைய கோச் செய்தி அனுப்பினார். ஆஸ்திரேலியாவில் அணிக்குப் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் துபாயில் விமானம் மாறுகிறார். சில மணி நேரம் இருக்கிறது. காலையில் வந்து அவள் மேட்டில் இறங்குவதைப் பார்ப்பார். முழங்கால் தாங்கினால் அக்டோபரில் அணியின் கேம்ப்புக்குக் கூப்பிடுவார். தாங்காவிட்டால் அதோடு சரி. அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்பது. இன்னொரு விமானம் மாறாது.

அவள் சொன்ன கேம்ப் வேறு, நாங்கள் இருக்கும் கேம்ப் வேறு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நல்லபடியாக நடந்தால் அவள் போய்விடுவாள். அதுவும் தெரிந்துதான் மேடு கட்டினேன்.

5

கோச் வர வேண்டிய அந்தக் காலை நான் உள்ளே நுழைந்தபோது இடது ஓரத்தில் கயிறு இல்லை. மேடும் இல்லை.

சரிவு மேலிருந்து கீழ்வரை இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. அதன் அடியில் சமன் செய்யும் வண்டிக்குப் பக்கத்தில் செல்வம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க விழித்ததில் கண் சிவந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

செல்வம் அண்ணன் ஆறுமுகநேரிக்காரர். உப்பளத்தில் வளர்ந்தவர். வளைகுடாவுக்கு வந்து பல வருஷம் ரோடு ரோலர் ஓட்டிவிட்டு எங்கள் கம்பெனியில் பனி சமன் செய்யும் வண்டிக்கு வந்தார். இரண்டு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தவர் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். அந்தப் பட்டை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சாம்பியனைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார் என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"ஏலே ஜெனோ, இங்க வா" என்றார். "அந்த ஓரத்தை எல்லாவனும் சேந்து குத்திக் கொதறி வச்சிட்டு, சரி பண்ணச் சோம்பேறித்தனப்பட்டுக் கயித்தைக் கட்டிப் போட்டிருக்கிய. வாரவன் பாத்தா என்ன நெனப்பான்? நம்ம தொழிலைத்தானல ஏசுவான். பாரு இப்ப. பாத்தி கணக்கா போட்டிருக்கேன். கோலிக்குண்டை விட்டா வளையாம கீழ வரும்."

உப்புப் பாத்தியை மிதித்து மட்டம் செய்வது தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பெருமை புரியும். அவர் ஊரில் மேடும் பள்ளமுமாகப் பாத்தி வைத்திருப்பவனுக்கு மரியாதை கிடையாது. பெரிய ஆள் வருகிறார் என்றால் மட்டமாக வைத்துக் கொடுப்பதுதான் முறை. அவ்வளவு செங்குத்தான ஓரத்தில் வண்டியை இறக்குவது உயிருக்கே ஆபத்து. ஐலாவுக்காக அதைச் செய்திருக்கிறார்.

திரும்பினால், மஞ்சள் ஒட்டுப் போட்ட கால்சட்டையில் ஐலா வந்துகொண்டிருந்தாள். பின்னால் வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர். பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் நீலக்கோட்டைச் சட்டைக்கு மேலே போட்டிருந்தார்.

ஐலா சரிவைப் பார்த்தாள்.

"யார் செய்தது?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் காட்டினேன். அவள் நேராகப் போய்ச் செல்வம் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கி, மிக அழகாக இருக்கிறது என்றாள். அவர் வெட்கப்பட்டு, "தேங்க்யூ மேடம், நோ பிராப்ளம் மேடம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை மண்வெட்டி இருக்கிறது?"

6

செல்வம் அண்ணனுக்கு விஷயத்தைத் தமிழில் சொன்னது நான்தான். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"மேட்டுல போயி எதுக்குல சறுக்கணும்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து மண்வெட்டியை எடுத்துவிட்டார். "சரி. எங்க எங்க வேணும்னு அந்தம்மாவைக் காட்டச் சொல்லு. யல்லா, சீக்கிரம்."

கூட்டம் வர ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. நானும் அவரும், லிஃப்டில் வேலை செய்யும் இரண்டு நேபாளிகளும், பெஷாவர்க்காரர் குல் பாயும். ஐலா மேலிருந்து குச்சியால் பனியை இரண்டு தடவை தட்டி இடம் காட்டிக்கொண்டே இறங்கினாள். நாங்கள் அங்கங்கே வாரிக் குவித்தோம். "ஜல்தி, ஜல்தி" என்று குல் பாய் எங்களையும் தன்னையும் விரட்டிக்கொண்டிருந்தார். கோச் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் கோட்டைக் கழற்றிவிட்டு அவரும் ஒரு மண்வெட்டி கேட்டார்.

பாதி வேலையில் ஐலா சிரித்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். செல்வம் அண்ணன் கட்டிய மேடெல்லாம் உப்பு அம்பாரம். அடி அகலமாக, உச்சி கூராக, மண்வெட்டி முதுகால் தட்டி வழுவழுவென்று வைத்திருந்தார். ஓலை போட்டு மூட வேண்டியதுதான் பாக்கி. அவள் இறங்கி வந்து பலகையால் மிதித்து ஒவ்வொன்றின் தலையையும் உருண்டையாக்கினாள். "தலை வேண்டாமாம் அண்ணே" என்றேன். "அதை மொதல்லயே சொல்லப்படாதா" என்றார்.

உருவம் வந்தது. ஆனால் உள்ளே பொதபொதவென்று இருந்தது. இறுகுவதற்கு ராத்திரிகள் வேண்டும், எங்களுக்கு இருந்தது நிமிஷங்கள். நான் ஓடிப்போய்ச் சில்லர்கள் எல்லாவற்றையும் போட்டேன், ராத்திரிக் குளிருக்கு இறக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு ஹோஸ் பிடித்து ஒவ்வொரு மேட்டின் மேலும் தண்ணீரை ஆவி மாதிரி அடித்தேன். மேல்தோல் உறைந்து கெட்டியானது. ஐஸ் கம்பெனி அனுபவம் கடைசியில் டிக் போட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"தோல்தான் கெட்டி, உள்ளே நம்பாதே" என்று ஐலாவிடம் சொன்னேன். தெரியும் என்றாள்.

அவள் உச்சிக்குப் போனாள். நாங்கள் ஓரமாக வரிசையாக நின்றோம். இரண்டு தடவை தட்டினாள், கிளம்பினாள்.

என்னால் சரியாக எழுத முடியவில்லை. மேலுடம்பு யாரோ நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல அசையாமல் வந்தது. கீழே மஞ்சள் முழங்கால்கள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. பாதி தாண்டி ஒரு மேடு உடைந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. இடது பலகை உள்ளே இறங்கியது, முழங்கால் தனியாகத் திரும்பியது, செல்வம் அண்ணன் என் கையைப் பிடித்துவிட்டார். ஒரு நொடி அவள் விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அடுத்த மேட்டில் அதே கால் மேலே வந்துவிட்டது. மீதியையும் முடித்துக் கீழே நின்றாள்.

கோச் அவள் முன்னால் மண்டியிட்டு, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவரைப் போல, இரண்டு கட்டைவிரலாலும் முழங்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எழுந்து தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். ஐலா எங்களைப் பார்த்து, "அக்டோபர்" என்றாள்.

நாங்கள் கைதட்டினோம். எல்லாரும் தடித்த கையுறை போட்டிருந்தோம். ஐந்து பேர் அவ்வளவு வேகமாகத் தட்டியும் சத்தமே வரவில்லை. தலையணையைத் தட்டுவது போலத்தான் இருந்தது.

7

கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. சாம்பியனாக இருந்தாலும் கஃபீல் கஃபீல்தான். ஐலாவின் பாஸ்போர்ட்டும் எங்களுடையதைப் போலவே கம்பெனி அலமாரியில் இருந்தது. விசா கேன்சல் செய்ய எந்தக் கவுன்டருக்கு முதலில் போக வேண்டும், எந்த ஆள் டீ குடிக்கப் போகும் நேரம் எது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் செல்வம் அண்ணன். அவள் போன அன்று எங்களுக்கு டியூட்டி. கேன்டீன் வாசலில் கை கொடுத்தாள். அவள் பேசுவதற்குள், "மேடம், நெக்ஸ்ட் டைம் ஐ மேக் குட் மேடு" என்றார் செல்வம் அண்ணன். அவள் அந்த மேடு என்ற வார்த்தையை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் அந்தப் பட்டையும் பழையபடி மட்டமானது. அவர்தான் வண்டி ஓட்டினார். மெதுவாக ஓட்டினார். அடுத்த வருஷம் குவைத்தில் சம்பளம் கூட என்று அவரும் கிளம்பிவிட்டார். இப்போது அந்த வண்டியை ஓட்டும் ஆளுக்கு அங்கே மேடு இருந்ததே தெரியாது. சொன்னேன். "அச்சா" என்றார், அவ்வளவுதான்.

நேற்று டிவியில் ஐலா கிளம்பினாள். வர்ணனை எனக்குப் புரியாத மொழி. முதல் தாவலில் குட்டிக்கரணம் போடவில்லை, அவள் காலத்துப் பழைய வித்தையைத்தான் காட்டினாள். மேலுடம்பு அதே நாற்காலி, அதே பேப்பர். ஆனால் பாதிக்கு மேல் வேகம் குறைந்துவிட்டது. முழங்கால் அவளை யோசிக்க வைக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சேனலில் அது தெரிந்தவர்கள் வேறு எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. கடைசி மேடு வரை விடாமல் வந்தாள். எண் வந்தது. அதுவரை இறங்கியவர்களின் பட்டியலில் அவள் பெயர் ஆக அடியில் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைத் தூக்கிவிட்டாள். முகத்தைக் கொஞ்சம்தான் காட்டினார்கள்.

வேலிக்குப் பின்னால் கூட்டம் கைதட்டியது. எல்லாரும் கையுறை போட்டிருந்தார்கள். சத்தமே இல்லை.

நான் தட்டினேன். வெறும் கை, தகரக் கூரை, காலிக் கட்டில்கள். பட்டாசு மாதிரி கேட்டது. மேல்கட்டிலிலிருந்து முனியாண்டி அண்ணன் தலையை நீட்டினார்.

"என்னப்பா, மேட்ச்சா?"

"இல்லண்ணே. தெரிஞ்சவங்க ஒருத்தங்க."

"செயிச்சுட்டாங்களா?"

"கடைசிண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். அங்கே அடுத்த பெண் கிளம்பிக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சத்தத்தைக் குறைத்தேன். உள்ளங்கை இரண்டும் ரொம்ப நேரம் எரிந்துகொண்டிருந்தன.